ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு போதுமா? தொலைதூர கேலக்ஸிகளின் ஒளிக்கணக்கு

நெய்யூரில் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த ஓட்டுக்கூரை, இஷாவுக்குப் பிறகும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சூடுதான் அகச்சிவப்புக் கதிர். கேலக்ஸிகளிலும் இதுவே நடக்கிறது. புதிதாகப் பிறந்த விண்மீன்களின் ஒளியைச் சுற்றியுள்ள தூசி விழுங்கிச் சூடாகி, அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. பிரபஞ்ச வரலாறு முழுவதும் விண்மீன்கள் உமிழ்ந்த ஒளியில் ஏறத்தாழப் பாதி இப்படி உருமாறியதுதான். எனவே ஒரு கேலக்ஸியில் ஆண்டுக்கு எவ்வளவு விண்மீன்கள் பிறக்கின்றன என்று அறிய, 8 முதல் 1000 மைக்ரான் வரையிலான அதன் மொத்த அகச்சிவப்பு ஒளி தெரிய வேண்டும்.

அங்கேதான் சிக்கல். காற்றிலுள்ள நீராவி இக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பிறை பார்க்கும் மாலையில் மேகம் மறைப்பதைப் போன்றதுதான்; ஆனால் இந்தத் திரை வானம் தெளிந்த நாளிலும் விலகுவதில்லை. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 100 செ.மீ. தொலைநோக்கியைப் பலூனில் கட்டி ஹைதராபாத்திலிருந்து மேலே அனுப்பியது இதற்காகத்தான். அவர்கள் பெரும்பாலும் நம் பால்வெளியின் தூசி மேகங்களையே ஆராய்ந்தார்கள். தொலைதூர கேலக்ஸிகளுக்குச் செயற்கைக்கோள் வேண்டும்.

1983-ல் ஏவப்பட்ட ஐராஸ் 12, 25, 60, 100 மைக்ரான் என நான்கு அலைநீளங்களில் மட்டும் அளந்தது. 2003-ல் வந்த ஸ்பிட்சர், மிகத் தொலைவிலுள்ள பல கேலக்ஸிகளுக்கு 24 மைக்ரான் என்ற ஒரே அளவைத்தான் தர முடிந்தது. ஒன்றை வைத்து மொத்தத்தை எப்படிச் சொல்வது? சாரி, எல்பாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-லேயே அருகிலுள்ள கேலக்ஸிகளைக் கொண்டு மாதிரி வரைபடங்கள் தயாரித்திருந்தனர். ஓர் அளவு கிடைத்தால், அதற்குப் பொருந்தும் மாதிரியை எடுத்து மீதியை நிரப்பிக்கொள்ளலாம். ஒரு சோறு பதம் பார்ப்பதுதான்.

2009-ல் ஏவப்பட்ட ஹெர்ஷல், 500 மைக்ரான் வரை நேரடியாக அளந்து இந்தப் பதத்தைச் சோதித்தது. 900 கோடி ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்க்கையில் கணக்கு நன்றாகவே பொருந்தியது. அதற்கும் அப்பால், பிரகாசமான கேலக்ஸிகளில் 24 மைக்ரான் கணக்கு மொத்தத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டியிருந்தது. பிறந்த விண்மீன்களின் எண்ணிக்கையும் அதே அளவுக்கு மிகையாகிவிட்டது!

காரணம் சுவையானது. பிரபஞ்சம் விரிவதால், சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி மூன்று மடங்கு நீண்டு வருகிறது. நாம் 24 என்று அளப்பது அங்கே 8 மைக்ரானாகக் கிளம்பியது. புகைக்கரி போன்ற கார்பன் மூலக்கூறுகள் ஒளிர்வது அந்த இடத்தில்தான். இன்று அருகிலுள்ள அதிபிரகாசக் கேலக்ஸிகளில் விண்மீன் பிறப்பு ஒரு சிறு மையத்தில் நெருக்கியடித்து நடக்கிறது. அங்கே இந்த ஒளி குறைவு. அன்றைய கேலக்ஸிகளிலோ பிறப்பு பரந்து நடந்தது. இந்த ஒளி அதிகம். அதாவது, பதம் பார்த்த சோறு வேறு பானையுடையது.

எல்பாஸ் குழுவே 2011-ல் இதை விளக்கி, பரந்து பிறப்பவற்றுக்கும் நெருக்கமாகப் பிறப்பவற்றுக்கும் தனித்தனி மாதிரிகளை வெளியிட்டது. ஹெர்ஷலின் குளிரூட்டும் ஹீலியம் 2013 ஏப்ரலில் தீர்ந்தது. ஜேம்ஸ் வெப்பின் பார்வை சுமார் 28 மைக்ரானோடு நின்றுவிடுவதால், அதன் அளவுகளிலிருந்து மொத்தத்தைச் சொல்ல இன்றும் இந்த மாதிரிகள் தேவைப்படுகின்றன.