மண்டையோடு சுமக்கும் அந்துப்பூச்சி

தோற்றத்தினால் மட்டுமே பழி சுமந்த உயிரினங்கள் சில உள. அவற்றுள் ஒன்று மண்டையோட்டு அந்துப்பூச்சி. விரைந்து பறக்கும் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் முதுகில், தலைக்குச் சற்றுப் பின்னே, மனித மண்டையோட்டை ஒத்த வெளிறிய அடையாளம் உண்டு. தொட்டால் கீச்சென்று ஒலியும் எழுப்பும். ஆதலால் ஐரோப்பிய மக்கள் இதனைச் சாவின் தூதன் என அஞ்சினர். அறிவியலாரும் கிரேக்கப் புராணத்தின் பாதாள ஆறுகளையும் விதித் தேவதைகளையும் நினைவூட்டும் பெயர்களையே இதற்குச் சூட்டினர்.

இனங்காணும் முறை

இப்பூச்சியில் மூன்று இனங்கள் உள்ளன. அத்ரொபோஸ் ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்வது. ஸ்டிக்ஸ், லக்கேசிஸ் ஆகியவை இலங்கை, தமிழகம் உள்ளிட்ட ஆசியப் பகுதிகளுக்கு உரியவை. விரித்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ 9 முதல் 13 சென்ரிமீற்றர் வரை இருக்கும். ஸ்டிக்ஸ் இனத்தின் வயிறு பெரிதும் மஞ்சள் நிறமானது. அதில் ஒடுங்கிய கரும்பட்டைகள் காணப்படும். லக்கேசிஸ் இனத்தின் வயிற்றில் கரும்பட்டைகள் அகன்றிருக்கும். பின்சிறகின் அடிப்பகுதியும் கறுத்திருக்கும்.

வாழ்க்கை முறை

இதன் புழு எள், கத்தரி, உருளைக்கிழங்கு முதலிய செடிகளின் இலைகளை உண்டு, விரலினும் பருமனாக வளரும். வாலில் வளைந்த கொம்பு ஒன்று உண்டு, அது கொட்டாது. முற்றிய புழு மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகும்.

வளர்ந்த பூச்சியின் உறிஞ்சுகுழல் குறுகித் தடித்தது. அதனால் தேனடையைத் துளைத்துத் தேன் பருகும். காவல் மிகுந்த தேன்கூட்டினுள் இது நுழைவது எங்ஙனம்? அத்ரொபோஸ் இனத்தின் உடலில் தேனீக்களின் உடலிலுள்ள கொழுப்பமிலங்களே அமைந்திருப்பதை 1991இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இருளில் மணத்தால் உறவறியும் தேனீக்கள் இதனை அயலாக உணர்வதில்லை. அச்சமூட்டும் அந்த ஒலியும் வாய்வழியே காற்றை உள்ளிழுத்து வெளிவிடுவதால் எழுவதே.

அத்ரொபோஸ் ஆண்டுதோறும் ஆபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வலசை செல்வது. சிறு வானொலிக் கருவிகளைப் பொருத்தி, விமானத்தில் பின்தொடர்ந்த ஆய்வாளர், எதிர்காற்றிலும் இது நேர்வழி தவறாது பறந்ததை 2022இல் வெளியிட்டனர்.

மாணவச் செல்வங்களே! இப்பூச்சி கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. விளக்கொளியைத் தேடி உங்கள் வீட்டுச் சுவரில் வந்தமர்ந்தால் அடித்துக் கொல்லாதீர்கள். முதுகையும் வயிற்றையும் உற்றுநோக்குங்கள். எவ்வினம் என்று எழுதி வையுங்கள். அச்சத்திற்கு மருந்து அறிவே.