துறையா, பல்கலைக்கழகமா? காலியிடக் கணக்கில் சமூக நீதி

புது தில்லி: மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று ஆசிரியர் பணிக்கு விளம்பரம் வெளியிட்டால், விண்ணப்பிப்போர் முதலில் பார்ப்பது கல்வித் தகுதியையும் கடைசி நாளையும்தான். ஆனால், எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்பது அதற்கு முன்பே 'ரோஸ்டர்' எனப்படும் இனச்சுழற்சிப் பட்டியலில் முடிவாகிவிடுகிறது.

அந்தப் பட்டியலைப் பல்கலைக்கழகம் முழுமைக்கும் தயாரிப்பதா, துறைவாரியாகத் தயாரிப்பதா என்ற கேள்வி 2017-இல் பெரும் பிரச்னையாக உருவெடுத்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், துறையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி செயல்படுமாறு 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது.

இதன் விளைவைச் சாதாரணக் கணக்கே காட்டிவிடும். இனச்சுழற்சிப்படி 4-ஆவது இடம் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும், 7-ஆவது இடம் தாழ்த்தப்பட்டோருக்கும், 14-ஆவது இடம் பழங்குடியினருக்கும் உரியது. 200 இடங்களை ஒன்றாகக் கணக்கிட்டால் இவர்களுக்கு முறையே 54, 30, 15 இடங்கள் கிடைக்கும். மூன்று இடங்களே உள்ள துறையைத் தனி அலகாகக் கொண்டால், மூன்றும் பொதுப் பிரிவுக்கே போய்விடும். ஒவ்வொருவராக ஓய்வு பெற்று 14-ஆவது நியமனம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதுவரை பழங்குடியினர் காத்திருக்க வேண்டியதுதான்.

மத்திய அரசின் மேல்முறையீட்டை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மறு ஆய்வு மனுவும் பலனளிக்கவில்லை. மார்ச் 5-இல் நாடு தழுவிய போராட்டம் நடைபெற்றது. இரண்டே நாள்களில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்னதாக, அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஜூலையில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக நிறைவேற்றியது. பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே அலகு என்பது மீண்டும் உறுதியானது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீடு, உதவிப் பேராசிரியர் நிலையைத் தாண்டி இணைப் பேராசிரியர், பேராசிரியர் நிலைகளுக்கும் விரிந்தது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இச்சட்டம் பொருந்தும்.

எனினும், ஒதுக்கப்பட்ட இடம் நிரப்பப்பட்ட இடமாகிவிடாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் 6,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருந்த நிலையில், அவற்றை விரைந்து நிரப்புமாறு 2021 செப்டம்பரில் துணைவேந்தர்களை மத்திய கல்வி அமைச்சகம் வலியுறுத்தியது. நேர்காணலுக்குப் பின் "தகுதியானவர் எவரும் இல்லை" என்று குறிப்பெழுதி ஒதுக்கீட்டு இடங்கள் காலியாக விடப்படுகின்றன என்பது ஆசிரியர் அமைப்புகளின் நெடுநாள் புகார். நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களைப் பொதுப் பிரிவுக்கு மாற்ற வழிவகுத்த மானியக் குழுவின் வரைவு நெறிமுறைகளுக்கு 2024 ஜனவரியில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. எந்த இடத்தின் ஒதுக்கீடும் நீக்கப்படாது என்று அமைச்சகம் விளக்கமளிக்க நேர்ந்தது.

2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியது. நூலகம், ஆய்வகம், அலுவலகம் ஆகியவற்றின் நிரந்தரப் பணிகளுக்கு மத்திய அரசின் பொதுவான ஒதுக்கீட்டு விதிகள் உள்ளன. ஆனால், துப்புரவு, காவல் பணிகளுக்கு ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக ஆள் எடுக்கப்படும்போது, அவர்கள் பல்கலைக்கழக ஊழியர் பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை. பணியிடமே இல்லாதபோது இனச்சுழற்சிக்கும் வேலையில்லை.

ஆகவே, எத்தனை இடங்கள் காலி என்று மட்டும் நாடாளுமன்றத்தில் கேட்டால் போதாது. எந்த நிலையில், எந்தப் பிரிவினருக்குரிய இடம், எத்தனை முறை விளம்பரம் செய்தும் நிரப்பப்படவில்லை என்பதையும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். சட்டம் நடைமுறையில் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை அந்தப் பதில்களே காட்டும்.