திறந்த சமையலறைக்காகச் சுவர் நீக்கல்

சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே உள்ள சுவரை முழுவதுமாகவோ பகுதியாகவோ எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே இடமாக்கும் கட்டட மாற்றம் திறந்த சமையலறை அமைத்தல் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது ‘ஓபன் கிச்சன்’. புதிதாகக் கட்டும் வீட்டில் இது வரைபடத்திலேயே முடிவாகிவிடும். குடியிருக்கும் வீட்டில் செய்யும்போது, எடுக்கப்போகும் சுவர் கூரையைத் தாங்குகிறதா என்பது முதற்கேள்வியாகிறது. தருமபுரி மாவட்டத்தின் பழைய தனி வீடுகள் பலவற்றில் அதற்கான விடை, தாங்குகிறது என்பதே.

பின்னணி

அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஓரறை வீடுகளில் ஒரு மூலையில் அடுப்பும் மறுமூலையில் தானியக் குதிருமாகக் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. வசதி வந்தபோது முதலில் எழுப்பிய சுவர்களுள் ஒன்று சமையலறைச் சுவர். விறகுப் புகையிலிருந்து வீட்டைக் காக்கவே அது எழுந்தது. இன்று இடிக்க விரும்பப்படுவதும் அதே சுவர்தான்.

மேலைநாடுகளில் கதை வேறு வரிசையில் நடந்தது. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெத்தெ ஷூட்டெ-லிகோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிறு சமையலறையை வடிவமைத்தார். நடக்கும் தொலைவைக் குறைத்து, கைக்கெட்டும் இடத்தில் எல்லாம் இருக்கும்படி அது அமைந்தது. ஆனால் அதில் ஒருவர்தான் நின்று வேலை செய்ய முடியும். சமைப்பவர் குடும்பத்திலிருந்து தனிமைப்படுகிறார் என்ற குறை பின்னர் எழுந்தது. அமெரிக்காவில் பிராங்க் லாய்ட் ரைட் 1937இல் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் இல்லம் முதலிய சிறு வீடுகளில் சமையலிடம் கூடத்தோடு இணைந்தே இருந்தது. இவற்றுக்கு முன்பே, 1914இல், லெ கொர்பூசியே கான்கிரீட் தளங்களைச் சில தூண்கள் மட்டுமே தாங்கும் ‘டோம்-இனோ’ என்ற அமைப்பை வரைந்துகாட்டியிருந்தார். தளத்தைத் தூண் தாங்கினால் சுவர் வெறும் மறைப்பு ஆகிவிடும். அதை எங்கும் வைக்கலாம், எடுக்கவும் செய்யலாம். இன்றைய அடுக்குமாடி வீடுகளின் திறந்த சமையலறைக்கு அடிப்படை இதுதான்.

தருமபுரியில் இந்த விருப்பம் வளர்வதற்கு பெங்களூருவும் ஓசூரும் ஒரு காரணம். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை மாவட்டத்தின் ஊடாகச் செல்கிறது. வேலைக்காக அந்நகரங்களில் தங்கி, அடுக்கக வாழ்க்கைக்குப் பழகியவர்கள் ஊரிலுள்ள வீட்டையும் அப்படியே மாற்ற நினைக்கிறார்கள். அங்கே அவர்கள் பார்த்த வீடு தூண்களின் மேல் நிற்பது. பென்னாகரத்திலோ அரூரிலோ உள்ள அவர்களுடைய சொந்த வீடு பெரும்பாலும் சுவர்களின் மேல் நிற்பது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையடித்த கான்கிரீட் வீடுகளாகவே தெரியும்.

மாவட்டத்தின் வீட்டு வகைகள்

2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஊரகம். ஊர்ப்புறத் தனி வீடுகள் பலவும் பொறியாளர் வரைபடம் இல்லாமல் மேஸ்திரியின் அனுபவத்தில் எழுந்தவை. அனுபவம் குறைவானதல்ல. ஆயினும் எந்தச் சுவரின் மேல் எந்தக் கம்பி ஓடுகிறது என்ற பதிவு அந்த மேஸ்திரியின் நினைவில் மட்டுமே இருக்கும்.

ஓட்டு வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவர் பல நேரங்களில் முகடு வரை உயர்ந்து, மோட்டு விட்டத்தைத் தாங்கும். கருங்கல்லையும் மண்ணையும் கொண்டு எழுப்பிய சுவரானால் இன்னொரு சிக்கல் உண்டு. நீளமான வெளிச்சுவர் சாயாமல் இருக்க, அதனோடு பின்னிக் கட்டிய குறுக்குச் சுவரே பிடிமானம். குறுக்குச் சுவரை எடுத்தால் கூரை உடனே இறங்காவிட்டாலும், வெளிச்சுவர் மெல்ல வெளியே தள்ளலாம். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட பழைய மெத்தை வீடுகளில் கட்டைகளின் முனைகள் எந்தச் சுவரில் செருகியிருக்கின்றன என்பதை அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடலாம். அறிவதற்கு எளிய வகை இதுதான்.

மிகுதியாக ஐயம் எழுவது, 9 அங்குலச் செங்கல் சுவர்களின் மேல் கான்கிரீட் தளம் போட்ட வீடுகளில். அரசுத் திட்ட வீடுகளும் பொதுவாக இவ்வகையே. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தின் வீடு 300 சதுர அடி. கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் அதற்குள் அடங்கியதால் ‘ஒரு சுவரை எடுத்தால் இடம் கிடைக்குமே’ என்ற எண்ணம் அங்கே இயல்பாக வருகிறது. ஆனால் இவ்வளவு சிறிய வீட்டில் சும்மா நிற்கும் சுவர் அரிது.

சுவரை அறிதல்

நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர். 9 அங்குலச் சுவர் பெரும்பாலும் தாங்கு சுவர். இது தொடக்கக் குறிப்பு மட்டுமே. செலவைக் குறைக்க நாலரை அங்குலச் சுவரின் மேலேயே தளத்தை உட்காரவைத்த வீடுகளும் உண்டு. பூச்சு இரண்டு பக்கமும் சேர்ந்து சுவரைத் தடிமனாகக் காட்டும் என்பதால், கதவு நிலை ஓரத்தில் சற்றுச் சுரண்டிப் பார்த்து அளப்பது நல்லது.

அடுத்து மேலே பார்க்க வேண்டும். சுவர் தளத்தைத் தொடும் இடத்தில் கீழ்நோக்கித் துருத்திய பீம் ஒன்று இரு முனையிலும் பில்லர்களில் போய்ச் சேர்ந்தால், சுவர் இடையில் அடைத்த நிரப்பாக இருக்க வாய்ப்புண்டு. பீம் இல்லாமல் தளம் நேராகச் சுவரில் உட்கார்ந்திருந்தால் அதைத் தாங்கு சுவராகவே கொள்ள வேண்டும். மாடியில் அதே கோட்டில் சுவர் எழுந்திருக்கிறதா என்பதும், தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதும் மறக்கப்படும் இரண்டு. குழாய் தூரம் குறையட்டும் என்று தொட்டியைச் சமையலறைக்கு மேலேயே வைப்பது வழக்கம். 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஒரு டன்.

எடையின் கணக்கு

10 அடிக்கு 10 அடி அறையின் மேல் 5 அங்குலக் கான்கிரீட் தளத்தின் எடை ஏறக்குறைய 3 டன். மேலே போட்ட சுருக்கியும் தட்டோடும் தனி. அப்படிப்பட்ட இரண்டு அறைகள் அடுத்தடுத்து இருந்து, தளத்தின் முதன்மைக் கம்பிகள் நடுச்சுவரை நோக்கி ஓடினால், இரு தளங்களின் சுமையில் பாதியோ அதற்கு மேலோ நடுச்சுவரில் இறங்கும்.

அந்தச் சுவரை எடுத்ததும் 10 அடி இடைவெளி 20 அடியாகிறது. இடைவெளி இரட்டித்தால் தளத்தின் வளைவுச் சுமை நான்கு மடங்காகும். தொய்வு 16 மடங்கு வரை போகும். கம்பியின் இடமும் மாறிப்போகிறது. சுவருக்கு நேர் மேலே தளத்தின் மேற்பக்கம் இழுபடும் என்பதால் கம்பியை அங்கே மேலே வளைத்துக் கட்டியிருப்பார்கள். சுவர் போனபின் அதே இடம் அறையின் நடுவாகி, கீழ்ப்பக்கம் இழுபடத் தொடங்கும். கம்பி தேவைப்படும் இடத்தில் கம்பி குறைவாக இருக்கும். இடித்த அன்று ஒன்றும் ஆகாமல், சில மாதங்களில் தளத்தின் அடியில் மயிர் விரிசலும் பூச்சு உதிர்தலும் தோன்றுவது இதனால்தான். ‘இடித்துப் பார்த்தோம், நிற்கிறதே’ என்பது சான்றாகாது.

தாங்கு சுவர் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று லண்டனின் ரோனன் பாயின்ட். 1968 மே 16 அன்று காலை, 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் தளத்தில் ஒருவர் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தபோது கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. வெடிப்பு அவ்வளவு பெரியதன்று. பற்றவைத்தவரே உயிர் பிழைத்தார். ஆனால் அது வெளித் தாங்கு சுவரைத் தள்ளிவிட, மேலுள்ள தளங்கள் பிடிமானமிழந்து விழுந்தன. அவற்றின் எடையில் கட்டடத்தின் ஒரு மூலை கீழ்வரை சரிந்தது, நால்வர் இறந்தனர். ஒரு மாடி வீட்டின் அளவு வேறு என்றாலும், தளத்துக்கும் சுவருக்கும் உள்ள உறவு அதேதான்.

செய்முறை

தாங்கு சுவரை எடுக்கவே முடியாது என்பதில்லை. அது தாங்கிய எடையை ஓர் உத்தரத்துக்கு மாற்றி, உத்தரத்தின் இரு முனைகளிலிருந்து அடித்தளம் வரை இறக்க வேண்டும். அளவைப் பொறியாளர் கணக்கிட வேண்டும். பக்கத்து வீட்டில் போட்ட பீமின் அளவை இங்கே நகலெடுப்பது தவறு.

முதலில் சுவரின் இருபுறமும் தளத்துக்கு முட்டுக் கொடுக்கப்படும். முட்டின் தலையில் நீளப் பலகையும் காலடியில் தடித்த பலகையும் வேண்டும்; இல்லையெனில் எடை ஒரு புள்ளியில் குத்தித் தரையை உடைக்கும். சவுக்கு முட்டை விட, திருகி உயரம் சரிசெய்யக்கூடிய ஜாக்கி முட்டு இந்த வேலைக்கு ஏற்றது. மாடி இருந்தால் அங்கும் முட்டு தேவையா என்று பார்க்க வேண்டும்.

பிறகு உத்தரம். இரும்பு கர்டர் இரண்டைப் பயன்படுத்தும் முறையில், சுவரின் ஒரு பக்கத்தில் பாதித் தடிமனுக்குப் பள்ளம் வெட்டி ஒன்றைச் செருகி, மேலே இறுக்கிய பின்னரே மறுபக்கம் வெட்டப்படும். சுவர் ஒரு நேரத்திலும் முழுதாக அறுபடுவதில்லை. உத்தரத்துக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள சந்தில் ஈரம் குறைந்த கெட்டிக் கலவையைத் திணித்து அடைப்பது சிறிய வேலை போலத் தெரியும். அந்தச் சந்து வெற்றாக விடப்பட்டால் தளம் அந்த அளவுக்கு இறங்கிய பிறகே உத்தரம் தாங்கத் தொடங்கும். முனைகள் வெறும் செங்கல்லில் உட்காராமல் கான்கிரீட் திண்டில் உட்கார வேண்டும். முன்பு பத்தடி நீளத்துக்குப் பரவிய எடை இப்போது இரண்டு இடங்களில் குவிவதால், அங்கே புதுத் தூணும் அதற்கு அடித்தளமும் தேவைப்படலாம்.

கான்கிரீட் பீம் போட்டால் காத்திருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் 456ஆம் விதித்தொகுப்பு, 6 மீட்டர் வரையிலான பீமுக்கு முட்டு எடுக்க 14 நாளும், அதற்கு மேல் 21 நாளும் குறிக்கிறது. வீட்டில் குடியிருந்துகொண்டே வேலை நடப்பதால், சமையலுக்கு இடமில்லை என்று முட்டை முன்கூட்டியே எடுக்கும் ஆசை வரும். அந்த நாட்களுக்குப் பின்புறம் ஒரு தற்காலிக அடுப்பைத் திட்டமிட்டுக்கொள்வது இதற்குத் தீர்வு.

இடிப்பது மேலிருந்து கீழாக, உளியும் சிறு சுத்தியும் கொண்டு. சம்மட்டியின் அதிர்வு, எடுக்காத சுவர்களின் பிணைப்பையும் தளர்த்தும். பக்கத்துச் சுவரில் பழைய விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பது பழைய முறை. துண்டு உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள், வேலையை நிறுத்த வேண்டும்.

புகை, தாளிப்பு, எரிவாயு

சுவர் போனால் மிளகாய் தாளிக்கும் நெடியும் எண்ணெய்ப் பிசுக்கும் கூடத்துக்கு வரும். அக்கினி மூலை எனப்படும் தென்கிழக்கில் சமையலறை வைக்கும் வழக்கம் இங்கே ஒரு வகையில் உதவுகிறது: மூலையறைக்கு இரண்டு வெளிச்சுவர்கள் உண்டு, ஒன்றில் சன்னல், மற்றொன்றில் புகைபோக்கி விசிறி வைக்க முடியும். புகைக்குழாய் வெளியே போகாத மின்சிம்னி, பிசுக்கை ஓரளவு பிடிக்குமே தவிர வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றாது.

கேழ்வரகுக் களி கிண்டுவதற்கு உயரம் குறைந்த, அசையாத அடுப்பு வேண்டும். அதனால் எரிவாயு வந்த பிறகும் பின்புறம் விறகடுப்பு தொடரும் வீடுகள் உண்டு. அங்கே திறந்த சமையலறையில் இலேசான சமையலும், பின்புறத்தில் புகைச் சமையலும் எனப் பிரித்துக்கொள்ளலாம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். மூடிய சமையலறையில் அது ஓரறைக்குள் தேங்கும். திறந்த அமைப்பில் கூடத்தில் எரியும் பூசை விளக்கு வரை போகும். கூடத்து மின்விசிறியின் காற்று அடுப்புச் சுடரை அணைத்துவிட்டு எரிவாயுவை மட்டும் வெளியேற விடுவதும் உண்டு. எனவே அடுப்பு இருக்கும் மேடை விசிறிக் காற்றின் நேர்வழியில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பகுதித் திறப்பு

முழுச் சுவரையும் எடுக்காமல், ஏற்கெனவே உள்ள கதவின் மேல் லிண்டலை மாற்றி வாயிலை அகலப்படுத்துவதோ, மேடை உயரத்துக்கு மேல் பரிமாறும் திறப்பு ஒன்றை வெட்டுவதோ தாங்கு சுவர் வீடுகளுக்குப் பொருத்தமான வழிகள். 4 அடித் திறப்புக்கும் லிண்டலும் முட்டும் வேண்டும். ஆனால் இருபுறமும் சுவர் மிஞ்சுவதால் எடை பழைய பாதையிலேயே இறங்கும், குறுக்குச் சுவரின் பிடிமானமும் பெருமளவு நீடிக்கும். திறப்பு வெளிச்சுவரின் மூலைக்கு மிக அருகில் வரக்கூடாது.

இந்த மாற்றத்தில் சமைப்பவரின் விருப்பம் பல வீடுகளில் கடைசியில்தான் கேட்கப்படுகிறது. குழந்தையைப் பார்த்தபடி, பேச்சில் கலந்தபடி சமைக்க விரும்புவோர் உண்டு. விருந்தினர் வந்திருக்கும்போது கழுவாத பாத்திரங்கள் கண்ணில் படாமல் இருக்கவும், அடுப்படியில் சற்றே தனியாக உட்காரவும் விரும்புவோரும் உண்டு. பரிமாறும் திறப்புக்கு மடக்குக் கதவு வைத்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும்.

பொதுச் சுவரும் அனுமதியும்

பாகம் பிரித்த வீடுகளில் சமையலறையின் ஒரு சுவர் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். அதில் கர்டர் முனையைச் செருகுவது அடுத்த வீட்டின் சுவரில் எடையை ஏற்றுவதாகும்; எழுத்தில் ஒப்புதல் பெறாமல் செய்தால் வழக்காக முடியும். தாங்கு சுவரைத் தொடும் மாற்றத்துக்கு, 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி தேவையா என்பதை ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் வேலைக்கு முன்பே கேட்டறிய வேண்டும். அரசுத் திட்ட வீடானால் திட்டத்தின் நிபந்தனைகளையும், வங்கிக் கடன் உள்ள வீடானால் கடன் ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். பொறியாளர் தந்த வரைபடத்தையும், சுவருக்குள் மறையும் முன் எடுத்த உத்தரத்தின் படங்களையும் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தால், பின்னாளில் மாடி எழுப்புபவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியும்.