குட்டி ரயிலுக்கு ஒரு சல்லடை!

குட்டீஸ்... சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தால் ஓடும் குட்டி ரயிலைப் பார்த்திருக்கிறீர்களா?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், 'மினியேச்சர் வுண்டர்லேண்ட்' என்ற கண்காட்சி 2001ல் திறக்கப்பட்டது. நிஜ ரயிலில் 87ல் ஒரு பங்கு அளவே உள்ள ரயில்கள் அங்கே ஓடுகின்றன. தண்டவாளத்தின் நீளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கும் அதிகம். அடேங்கப்பா!

இப்படிப்பட்ட ரயில்களை வீட்டிலேயே சிறிய அளவில் அமைத்து மகிழ்பவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளம். அவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. அதுதான் மின் இரைச்சல்!

இன்ஜினுக்குள் இருக்கும் மோட்டார் சுற்றும்போது, கார்பன் துண்டுகள் செம்புத் தகடுகளை உரசிக்கொண்டே இருக்கும். அப்போது சின்னச் சின்னத் தீப்பொறிகள் பறக்கும். ஒவ்வொரு பொறியும் ரேடியோ அலையைக் கிளப்பிவிடும். பக்கத்தில் ரேடியோ இருந்தால், பாட்டுக்கு நடுவே 'கர்... கர்...' சத்தம்தான்!

இதற்கு என்ன மருந்து? மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு கெபாசிட்டரை, அதாவது மின்தேக்கியை இணைப்பார்கள். அம்மா மாவு சலிப்பதைப் பார்த்திருப்பீர்களே... மாவு கீழே போகும். தவிடு மேலே நிற்கும். கெபாசிட்டரும் ஒரு சல்லடைதான். சீராகப் பாயும் மின்சாரத்தை அது தன் வழியே விடாது. வேகமாகத் துடிக்கும் இரைச்சலுக்கு மட்டும் குறுக்குவழி காட்டும். இரைச்சல் மோட்டார் அருகிலேயே அடங்கிவிடும்.

இப்போது டிஜிட்டல் ரயில்கள் வந்துவிட்டன. ஒரே தண்டவாளத்தில் பல ரயில்களைத் தனித்தனியே ஓட்டலாம். 'மூன்றாம் எண் ரயிலே, நில்!' என்ற கட்டளை தண்டவாளம் வழியாகவே போகும். எப்படி? மின்சாரத்தின் திசை மாறிக்கொண்டே இருக்கும். 58 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை மாறினால் '1'. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ ஆனால் '0'. மைக்ரோ நொடி என்பது, ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! இன்ஜினுக்குள் உள்ள 'டீகோடர்' இதைப் படித்துக் கட்டளையைப் புரிந்துகொள்ளும்.

இங்கேதான் சிக்கல்! பழைய ரயில் பாதைகளில், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் இணைப்பிலும் கெபாசிட்டர் இருப்பதுண்டு. அது கட்டளையையும் இரைச்சல் என நினைத்துச் சலித்துவிடும். ரயில் திருதிருவென விழிக்கும்! எனவே, டிஜிட்டலுக்கு மாறும்போது அதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, ஒரு கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைச் சட்டென உதறுங்கள். அலை ஓடிப்போய்க் கம்பியில் மோதித் திரும்பி வரும். கயிற்றைக் கம்பியில் கட்டாமல், நண்பனைத் தளர்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். திரும்பும் அலை சிறுத்துவிடும். அவன் கை அதை வாங்கிக்கொள்கிறது.

பத்து மீட்டருக்கு மேல் நீண்ட மின்கம்பியிலும் கட்டளை அலை இப்படித்தான் முனையில் மோதித் திரும்பும். அப்போது மின்னழுத்தம் திடீரென எகிறும். டீகோடர் கட்டளையைத் தவறாகப் படிக்கலாம், கருகியும் போகலாம்.

அதனால் கம்பியின் கடைசி முனையில், 100 ஓம் மின்தடையையும் 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, இரு கம்பிகளுக்கும் குறுக்கே இணைப்பார்கள். வேகமான துடிப்பை மட்டும் கெபாசிட்டர் உள்ளே விடும். நண்பனின் கைபோல, மின்தடை அதை வாங்கி வெப்பமாக மாற்றிவிடும். கட்டளைக்குச் சேதமில்லை!

பார்த்தீர்களா? தனியாக நின்றால் கட்டளையைக் கெடுக்கும் கெபாசிட்டர், மின்தடையோடு சேர்ந்து சரியான இடத்தில் நின்றால் ரயிலைக் காப்பாற்றுகிறது!

ஒரு எச்சரிக்கை: மின்சார வேலைகளைப் பெரியவர்கள் துணையோடு மட்டுமே செய்யுங்கள். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் 230 வோல்ட் இருக்கிறது. அதில் விளையாடவே கூடாது. கயிறு சோதனையை மட்டும் இன்றே செய்யலாம். சரியா குட்டீஸ்!