தூய நீரும் குடிநீரும்

ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் நீரைப் பற்றிய பாடத்துடனேயே தொடங்குகின்றன. அப்பாடத்தை நாம் நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் கேட்பதுண்டு: “ஹஜ்ரத், உளூவுக்கு ஆகும் ஹவுளு நீர், குடிக்க ஆகாதா?”

தேங்கிய நீர் இரு குல்லத்து அளவை, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரை எட்டிவிட்டால், அதில் நஜீஸ் விழுந்தாலும் நிறம், சுவை, மணம் மாறாத வரை அது தூயதே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். பாமரரும் தம் புலன்களால் அறியத்தக்க அளவுகோல் இது. ஆனால் இது வணக்கத்திற்குரிய தூய்மையின் அளவுகோல். நோயின்மைக்கான சான்றிதழ் அன்று. 1854இல் இலண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த அடிகுழாய் நீரே காரணம் என மருத்துவர் ஜான் ஸ்னோ எடுத்துக்காட்டினார். பார்வைக்குத் தெளிந்த நீரிலும் நோய் மறைந்திருக்கும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது.

எனவே குடிநீருக்கு வேறு முறைகள் தேவை. முதலில் படிகாரம் இட்டுக் கலங்கலைப் படியவைத்தல்; நம் முன்னோர் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்ததும் இதற்காகவே. அடுத்து மணற்படுகையில் வடித்தல். இறுதியாகக் குளோரின் கலந்து அரைமணி நேரம் விட்டுவைத்தல். இவ்வரிசை மாறலாகாது, கலங்கல் நீரில் கிருமிகள் துகள்களுக்குள் ஒளிந்துகொள்ள, குளோரினின் ஆற்றல் வீணாகும். வீட்டளவில், நீர் நன்கு கொதித்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிடுதல் போதும். கொதிக்கவைத்தலையும் வாலைவடித்தலையும் இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலிலேயே பரிந்துரைத்துள்ளார். ஆயினும் கொதிப்பு கிருமியைக் கொல்லுமே தவிர, உப்பையோ ஃபுளோரைடையோ நீக்காது. அதற்கு எதிர்ச்சவ்வூடு பரவல் போன்ற முறைகளே வேண்டும்.

இவ்விரு தூய்மைகளின் வேறுபாட்டை நம் காலத்து அறிஞர்களும் கருத்திற்கொண்டுள்ளனர். சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் குறித்து 1978இல் சவூதி மூத்த அறிஞர் அவை ஆராய்ந்தது. துறை வல்லுநர்களின் கருத்தைக் கேட்டறிந்தபின், நிறமும் சுவையும் மணமும் முற்றிலும் சீரடைந்தால் அது தூய நீரே எனத் தீர்ப்பளித்தது. ஆனால் உடல்நலத்திற்குத் தீங்கிருப்பின் பருகலாகாது என்றும் எச்சரித்தது.

மாணவருக்கு நாம் கூறும் விடையும் இதுவே. உளூவுக்கு ஆகும் என்பதனாலேயே ஒரு நீர் குடிக்க ஆகிவிடாது. ஹவுளின் அருகே குவளை வைக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகள் இதைச் சிந்திப்பார்களாக. தாகத்துடன் வரும் சிறுவனுக்குத் தனிக் குழாயும் தூய குடிநீரும் அமைத்துத் தருவதும் அமானிதமே.