முத்து எடுத்தவனின் செவி

பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகும் நம்மவர்கள் எல்லாருக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஒசூர் தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் வண்டி இறங்க இறங்கக் காது லேசாக அடைக்கும். பக்கத்து சீட்டுக்காரர் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். அத்தோடு அதை மறந்துவிடுவோம்.

பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் நம் செவிப்பறைமேல் கூடுகிற காற்றழுத்தம், மூன்றரை அடித் தண்ணீரில் முங்கினால் கூடுகிற அளவுதான். விமானத்தில் போனால் இன்னும் கொஞ்சம் அதிகம். உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருக்கும் காற்றழுத்தத்தைத்தான் வைத்திருப்பார்கள். தரையிறங்கும்போது அது எட்டடித் தண்ணீருக்குச் சமமாக ஏறும். அதுவும் அரைமணி நேரத்தில், சிறுகச் சிறுக. இதற்கே கைக்குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன.

இப்போது ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, அரை நிமிஷம்கூட ஆகாமல், ஐம்பது அடி ஆழத்துக்கு இறங்குகிறான். அவன் காது என்ன பாடு பட்டிருக்கும்? கொற்கை முத்தின் பெருமையை நாம் எவ்வளவோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்தக் காதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. நான் மருத்துவன் அல்லன், மளிகை வியாபாரி. ஆனாலும் இருபது வருஷமாக இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். நம் சங்கத்துப் பிள்ளைகள் லீவு விட்டால் முருதேஷ்வர் பக்கம் நேத்ராணித் தீவுக்கும் அந்தமானுக்கும் 'ஸ்கூபா' செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் இதை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் காதின் அமைப்பு. வெளிக்காதின் முடிவில் செவிப்பறை என்கிற மெல்லிய தோல். அதற்கு உள்ளே நடுச்செவி, காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டாக்கி பெயரால் யூஸ்டேஷியன் குழல் என்கிறார்கள். இது சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நொடி நேரம் திறந்து, வெளிக்காற்றும் உள்காற்றும் சமமாகும். கிருஷ்ணகிரியில் கேட்ட 'டப்' அதுதான்.

தண்ணீரின் கனம் வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அழுத்தம் இரட்டித்தால் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும் என்பது பாயில் விதி, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நடுச்செவிக் காற்று சுருங்கினால் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். குழல் வழியாகப் புதுக்காற்று போகாவிட்டால் வலி, பிறகு உள்ளே நீரும் ரத்தமும் கசியும், கடைசியில் பறை கிழியும். இதற்கு நடுக்கடலுக்குப் போகவேண்டாம், நீச்சல்குளத்தின் ஆழமான பக்கமே போதும். இன்னொரு சங்கதியும் உண்டு. காற்றைச் சமன் செய்யாமல் சுமார் நான்கடி இறங்கிவிட்டாலே, வெளியழுத்தம் அந்தக் குழலின் வாயை நசுக்கிப் பூட்டிவிடும். பிறகு எவ்வளவு விழுங்கினாலும் திறக்காது. கொஞ்சம் மேலே ஏறினால்தான் உண்டு.

அதனால்தான் மேலே உள்ள முதல் பத்து மீட்டர்தான் காதுக்குக் கஷ்டம். அதற்கப்புறம் அதே பத்து மீட்டர் இறங்கினாலும் காற்று சுருங்குகிற விகிதம் குறைவு. நம் முத்துப் பார்களில் பலவும் ஐந்து முதல் பத்துப் பாகம், அதாவது 30 முதல் 60 அடி ஆழத்தில் இருந்தவை. மிகக் கஷ்டமான அந்த முதல் பகுதியை ஒரு குளியாள் ஒவ்வொரு முறையும் கடக்கவேண்டும். காலையிலிருந்து மதியம்வரை எத்தனை முறை!

கிரேக்கர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'வினாக்கள்' என்ற நூலில், கடலில் முங்குகிறவர்களின் செவிப்பறை ஏன் உடைகிறது, அவர்கள் ஏன் காதில் கடற்பஞ்சைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று கேள்வியே இருக்கிறது. நம் பக்கத்துக்கு வந்தால், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை வேலை வாங்கினார்கள் என்கிறது. எனக்கு இது சாதாரணச் செய்தியாகப் படவில்லை. விரும்பி வருகிற வேலையாக இருந்தால் கைதி எதற்கு? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். சுறாவுக்குப் பங்கு உண்டு, காதுக்கு இல்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. அதை எடுத்து வந்தவன் யார் என்று கதைக்குத் தேவைப்படவில்லை.

உப்பு லோடு பேச 1980-களில் அடிக்கடி தூத்துக்குடி போவேன். அங்கே ஒரு பெரியவரைப் பழக்கம். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துச் சலாபங்களில் குளித்தவர். அதற்குப் பிறகு அங்கே பெரிய சலாபம் நடக்கவில்லை, அவரும் சங்கு குளிக்கப் போய்விட்டார். அவரிடம் கத்தித்தான் பேசவேண்டும். காது வலிக்காதா என்று கேட்டேன். "சின்ன வயசுல வலிக்கும், ரத்தம் வரும். ஒரு தடவ உடைஞ்சிட்டா அப்புறம் நோவாது அண்ணாச்சி" என்றார். பெருமையாகவே சொன்னார். வலி போனதன் பொருள் எனக்குப் பிறகு படிக்கும்போதுதான் விளங்கியது. பறையில் ஓட்டை விழுந்தால் இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றாகிவிடும், வலிக்க வழியில்லை. தண்ணீர் நேராக நடுச்செவிக்குள் போகும், சீழ் பிடிக்கும், கேள்வி குறையும். பறை கிழிகிற அந்த நொடியில் குளிர்ந்த நீர் உள்ளே பாய்ந்தால் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போவதும் உண்டு. தென்கிழக்காசியக் கடலில் படகிலேயே வாழும் பஜாவு மக்களில் சிலர் இளம்வயதிலேயே வேண்டுமென்று பறையைக் கிழித்துக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கொடுத்த விலை.

ஆனால் நம் குளியாட்களுக்கு உபாயமே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கை கயிற்றில், இன்னொரு கை மூக்கில். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்லக் காற்றைத் தள்ளினால் குழல் திறந்துகொள்ளும். இலங்கைச் சலாபங்களுக்கு வந்த அரபிகள் இதற்குக் கொம்பில் செய்த மூக்குப்பிடி வைத்திருந்தார்கள். கல்லின்மேல் நின்று காலை முன்னால் விட்டு இறங்குவதும் நல்ல முறை. தலைகீழாகப் போனால் ரத்தம் தலைக்கு இறங்கி, குழலின் உட்சுவர் தடித்து, திறப்பது கஷ்டமாகும். இத்தாலிய மருத்துவர் வல்சால்வா 1704-இல் காதைப் பற்றிய தம் நூலில் இந்த மூக்குப்பிடி முறையை எழுதினார், காதுச் சீழை வெளியேற்றுவதற்காக. இன்று அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். இதைச் சொன்னதும், 'நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம்' என்று யாரும் மேடை ஏறவேண்டாம். கடலில் இறங்கிய எல்லா ஊர்க்காரனும் கண்டுபிடித்திருப்பான்.

இதில் ஓர் ஆபத்து. காது அடைத்துக்கொண்ட பிறகு முக்கி முக்கி ஊதினால், அந்த அழுத்தம் உள்செவியின் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடலாம். அந்தச் செவிடு நிரந்தரமாகவும் ஆகலாம். ஆகவே, வலி வருவதற்கு முன்பே, இரண்டு மூன்று அடிக்கு ஒரு தரம், மெதுவாகச் செய்யவேண்டும். வலித்தால் ஊதாதீர்கள், மேலே ஏறுங்கள். தொண்டையை மூடிக்கொண்டு நாக்கைப் பிஸ்டன் மாதிரி பின்னால் தள்ளும் முறை ஒன்றும் உண்டு. ஃப்ரென்சல் என்ற ஜெர்மானிய மருத்துவர், செங்குத்தாகக் கீழே பாயும் போர்விமானிகளுக்காகச் சொல்லிக்கொடுத்தது. விமானிக்கும் முத்துக்குளிப்பவனுக்கும் காதில் ஒரே வியாதி. பழைய ஏர்போர்ட் ரோட்டில் நாம் தினமும் தாண்டிப் போகிறோமே, விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகம், அங்கே காற்றழுத்தத்தைக் குறைக்கும் அறையில் விமானிகளை உட்காரவைத்துப் பழக்குவதில் காதும் ஒரு பாடம்.

அடுத்தது சைனஸ். நம் சங்கத்தில் பத்துப் பேர் கூடினால் இரண்டு பேராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருப்பார்கள், பெங்களூர்க் காற்று அப்படி. நெற்றியிலும் கன்னத்திலும் எலும்புக்குள் இருக்கும் காற்றுக் குழிகள்தான் சைனஸ். அவற்றுக்கும் மூக்குக்கும் நடுவே ஊசித்துவாரம் போல வழி. சளி அடைத்திருந்தால் காற்று போகாது. இறங்கும்போது புருவத்துக்கு மேல் கத்தி குத்துவதுபோல வலிக்கும், மேலே வந்தபின் மூக்கில் ரத்தம் வரும். ஜலதோஷத்தோடு முங்கவே கூடாது என்பது இதனால்தான்.

'மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு போகலாமே' என்பார்கள். இறங்கும்போது திறந்திருந்த வழி, மருந்தின் வேகம் தீர்ந்து கடலுக்கடியில் அடைத்துக்கொண்டால்? மேலே ஏறும்போது உள்காற்று விரியும், வெளியேற வழியிருக்காது. இறங்காமல் இருந்துவிடலாம், ஏறாமல் இருக்க முடியுமா?

நேத்ராணிக்கு முன்பணம் கட்டியாயிற்று, ரூம் போட்டாயிற்று, காலையில் பிள்ளைக்குச் சளி. அந்தப் பணம் போனால் போகட்டும். காதில் பஞ்சோ ரப்பர் அடைப்பானோ வைத்து அனுப்பாதீர்கள், அடைப்புக்கும் பறைக்கும் நடுவில் இன்னொரு காற்றறை உண்டாகி அதுவும் உறிஞ்சும். மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடியைத்தான் கேட்டு வாங்கவேண்டும், வெறும் நீச்சல் கண்ணாடி ஆழத்துக்கு ஆகாது. அந்தக் கண்ணாடிக்குள் மூக்கால் கொஞ்சம் காற்று விட்டுக்கொண்டால் முகத்தை உறிஞ்சாது. ஏற்கெனவே காதில் சீழ், ஆபரேஷன், ஓட்டை என்று எது இருந்தாலும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் டிக்கெட் போடவேண்டும். முங்கி வந்தபின் காது மந்தமாக இருந்தாலோ, இரைந்தாலோ, தலை சுற்றினாலோ, வீட்டில் எண்ணெய் காய்ச்சி விடாமல், தண்ணீர் படாமல் வைத்து அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். உள்செவி கிழிந்திருந்தால் நாள் தள்ளத் தள்ளக் கேள்வி திரும்புவது அரிது.