தப்பு பாடினவன் மேல இல்ல

வள்ளூர்ல எங்க தெருவில் லாரிச் சத்தம் ஓயாது. அதை வடிகட்ட, குரல் டிராக்கில் ஒரு பிளக்-இன் போட்டிருந்தேன். கானா பாட வந்த நண்பன் ஒவ்வொரு டேக்கிலும் பின்தங்கினான். "தாளம் நிக்கல மச்சான்"னு கடிந்துகொண்டேன்.

அப்புறம் பார்த்தால், அந்த பிளக்-இன் 2048 சாம்பிள் தாமதிக்கிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் கணக்கில் சுமார் 43 மில்லி செகண்ட்; ஒலி காற்றில் கிட்டத்தட்ட 15 மீட்டர் போகும் நேரம்.

சாஃப்ட்வேரின் தாமத ஈடு, மற்ற டிராக்குகளையும் அதே அளவு நிறுத்திவைத்து எல்லாவற்றையும் ஒன்றாக ஒலிக்க விடும். பதிந்ததைக் கேட்க அது போதும். ஆனால் இப்போதுதான் வாயிலிருந்து வரும் குரலை முன்கூட்டியே அனுப்ப முடியாதே! ஹெட்போனில் தன் குரலே பிந்தி வந்ததால்தான் அவன் தடுமாறியிருக்கிறான்.

பதியும்போது பிளக்-இன்னை எடுத்துவிட்டேன். மிக்ஸிங்கில் திரும்பப் போட்டுக்கொண்டேன். அடுத்த டேக்கே ஓகே. அவன்கிட்ட ஸாரியும் சொல்லிட்டேன்.